எல்வுட் மாற்றிய பிரேக்

எல்வுட் பிராண்டுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீடாக வைத்திருந்த ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு எங்கே போய்விட்டு வந்தாலும், வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக இறங்கி அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒவ்வொரு சக்கரத்திடமும் குனிந்து அதன் நடுவில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. கை தாங்குகிற சூடு என்றால் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்ததற்குப் போவார். தன்னுடையது மட்டுமில்லை. எங்கள் முகாமுக்குப் புதிதாக யார் ட்ரெய்லரோடு வந்து நின்றாலும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவர்கள் சக்கரத்தையும் தொட்டுப் பார்த்துவிடுவார். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால், "இந்தப் பக்கம் பிரேக் பிடிச்சுக்கிட்டே வருது, பாத்துக்கங்க" என்பார். சிலர் நன்றி சொல்வார்கள். சிலர் இவர் யார் சொல்வதற்கு என்று பார்ப்பார்கள்.

எங்கள் முகாம் கொலராடோவின் மேற்குப் பக்கத்தில், டெல்டா ஊருக்கு வெளியே, கன்னிசன் ஆற்றை ஒட்டி இருக்கிறது. பாதிப் பேர் வந்து போகிறவர்கள். மீதிப் பேர் ட்ரெய்லரையே வீடாக வைத்துக்கொண்டு வருடம் முழுக்க இங்கேயே இருப்பவர்கள். நான் குளியலறைகளைக் கழுவி, துணி துவைக்கும் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். துணி துவைக்கும் அறையின் ஜன்னலிலிருந்து பதினோராம் இடம் நேராகத் தெரியும். எல்வுட்டும் அவர் மனைவி மேவிஸும் அங்கேதான் இருந்தார்கள்.

எல்வுட் முப்பது குளிர்காலம் மோனார்க் கணவாயில் பனி வாரும் லாரி ஓட்டியவர். விடியும் முன் அவர் போய்த் திறந்துவிட்ட பிறகுதான் மற்ற வண்டிகள் மலை ஏறும். பள்ளிக்கூட பஸ், பால் லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் அவர் சக்கரத் தடத்திலேதான் போகும். வேலையிலிருந்து நின்றதும் கன்னிசனில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, பிக்கப் வண்டியும் ட்ரெய்லருமாக இங்கே வந்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. அவர் அதிகம் பேச மாட்டார். பேசினால் அந்த ரோட்டைப் பற்றித்தான் பேசுவார். எந்த வளைவில் காற்று பனியைக் குவிக்கும், எந்த வளைவில் மான் குறுக்கே வரும் என்று சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்.

மேவிஸுக்கு ஒரே அக்கா, ஓப்பல். கணவாய்க்கு அந்தப் பக்கம், பியூப்லோவில் இருந்தாள். ஒவ்வொரு செப்டம்பரிலும் இவர்கள் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போய் ஓப்பல் வீட்டுப் பின்பக்கத்தில் நிறுத்தி, அந்த ஊரில் பச்சை மிளகாயைச் சுட்டுச் சேமித்து வைக்கும் காலம் முடியும்வரை தங்கிவிட்டு வருவார்கள். ஓப்பலின் மகன் குடும்பமும் அந்தச் சின்ன வீட்டிலேயே இருந்ததால் உள்ளே படுக்க இடம் கிடையாது.

அவர்கள் கடைசியாக அப்படிப் போன செப்டம்பரில், திரும்பி வரும்போது கணவாய் இறக்கத்தில் என்னவோ நடந்தது. அன்று அவர்கள் வந்து நின்றபோது, அத்தனை தூரம் கடந்து வந்த பிறகும் சக்கரத்தில் கருகிய வாடை இருந்தது. வண்டிக் கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த டிரம் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விட்டது, ட்ரெய்லர் பிக்கப்பைத் தள்ளிக்கொண்டே போனது, எப்படியோ அடக்கி நிறுத்தினேன் என்று எல்வுட் எல்லோரிடமும் சொன்னார். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நீளமான இறக்கத்தில் டிரம் பிரேக் அப்படித்தான் செய்யும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எல்வுட் மேவிஸைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா" என்றாள் மேவிஸ். அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் கவனித்த ஒரு விஷயம். மேவிஸ் வண்டியில் வாய் திறக்காமல் உட்கார்ந்து வருகிறவள். அந்த இலையுதிர் காலத்திலிருந்து, பக்கத்துக் கடைக்கு முட்டை வாங்கப் போனால்கூட அவர் பக்கமே திரும்பி உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். வயதானால் சிலருக்குப் பேச்சு கூடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஓப்பலுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று மகன் போன் செய்தான். கோடையைப் பார்க்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எல்வுட் அன்றைக்கே ட்ரெய்லரை விட்டுவிட்டு பிக்கப்பில் மட்டும் போய்வரலாம் என்றார். மேவிஸ் மாட்டேன் என்றாள். போனால் கடைசிவரை பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்குச் சொந்தப் படுக்கையும் சமையலும் வேண்டும், ட்ரெய்லர் இல்லாமல் முடியாது என்றாள். அந்தப் பிரேக்கோடு ட்ரெய்லரை அந்த இறக்கத்தில் இறக்கவும் பயமாக இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டுத் துண்டுகளை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

எல்வுட் அதைப் பிரேக்கைப் பற்றிய பேச்சாகவே எடுத்துக்கொண்டார். மறு வாரமே டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு ஆயிலில் வேலை செய்கிற டிஸ்க் பிரேக் போடுவது என்று முடிவு செய்தார். நாலு சக்கரத்துக்கும் வட்டும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும், முன்னால் வைக்க ஒரு பம்புப் பெட்டியும், அடியில் ஆயில் ஓடும் குழாயும் ஆர்டர் போட்டார். டிஸ்க் எவ்வளவு சூடானாலும் பிடிக்கும், எந்த இறக்கமும் ஒன்றும் செய்யாது, மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று என்னிடம் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

எங்கள் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கூரை ஒழுகினால் ஆளுக்கு ஒரு ஏணியோடு வந்து ஏறிவிடுவார்கள். தண்ணீர்க் குழாய் வெடித்தால் கேட்காமலே கை வைப்பார்கள். பிரேக்கை மட்டும் தொட மாட்டார்கள். இழுத்துக்கொண்டு போகிறவன் தன் கையால்தான் மாட்ட வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் அது அவனுக்கும் ரோட்டுக்கும் இடையில் உள்ள விஷயம். மற்றவர்கள் நின்று பார்க்கலாம், சாமான் எடுத்துத் தரலாம், கிண்டல் செய்யலாம்.

பக்கத்து இடத்து லீலண்ட் மரலாரி ஓட்டியவர். அவர் நினைத்திருந்தால் ஒரே நாளில் முடித்திருப்பார். அவர் பீர் டப்பாவோடு உட்கார்ந்து, "ஏம்ப்பா எல்வுட், இந்தச் செலவுல இன்னொரு ட்ரெய்லர் வாங்கி, அதுமேல முட்டி இதை நிறுத்தியிருக்கலாமே" என்றார்.

"உன் வாயை நிறுத்த ஒரு பிரேக் கேட்டேன். அந்த சைஸ்ல செய்யறதில்லையாம்" என்றார் ட்ரெய்லருக்கு அடியிலிருந்து எல்வுட்.

ஆனால் வேலை நகரவில்லை. எல்வுட்டின் விரல்கள் பழைய விரல்கள் இல்லை. காலையில் ஒரு சக்கரத்தைக் கழற்றினால் மாலையில் அதே சக்கரத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். வந்து சேர்ந்த வட்டுகள் ஐந்து போல்ட்டுக்கு உரியவை, இவர் ட்ரெய்லருக்கு ஆறு வேண்டும். திருப்பி அனுப்பி, மாற்று வரக் காத்திருந்தார்கள். ட்ரெய்லர் மரக்கட்டைகளின் மேல் சக்கரம் இல்லாமல் நின்றது. ஈஸ்டர் வந்து போனது. மேவிஸ் தினமும் மாலை துணி துவைக்கும் அறைக்கு வந்து, அங்கிருந்து ஓப்பலுக்குப் போன் செய்வாள். ட்ரெய்லருக்குள் பேசினால் எல்வுட் காதில் விழும் என்பதால்தான் இங்கே வருகிறாள் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. "இதோ முடியப் போகுது, வந்துருவோம்" என்பாள். அந்தப் பக்கத்தில் ஓப்பலின் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. இயந்திரங்கள் ஓடாதபோது எனக்கும் கேட்கும்.

மே மாதம் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். குழாயில் இருக்கும் காற்றை எடுக்க மட்டும் இன்னொரு ஆள் வேண்டும். ஒருவர் பிக்கப்புக்குள் உட்கார்ந்து, டிரைவர் முழங்காலுக்குப் பக்கத்தில், ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்க இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளிப் பிடித்தால் ட்ரெய்லரின் பம்பு ஓடும். இன்னொருவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து, காற்று குமிழ் விட்டு வெளியேறியதும் மூடுவார். மேவிஸ் முழங்கால் வலி என்றாள். அதனால் நான் போனேன்.

"தள்ளு" என்பார் அடியிலிருந்து. தள்ளுவேன். "விடு" என்பார். விடுவேன். முதல் சக்கரம், இரண்டாவது சக்கரம் முடிந்தது. மூன்றாவதில் "தள்ளு" என்றார். தள்ளிப் பிடித்தேன். "விடு" வரவில்லை. பம்பு முனகிக்கொண்டே இருந்தது. நான் கூச்சத்தோடு காத்திருந்தேன். பிறகு நெம்பை விட்டுவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தேன். எல்வுட் மல்லாந்து படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. கையில் ஸ்பேனர் அப்படியே இருந்தது. திறந்த திருகிலிருந்து பிரேக் ஆயில் அவர் சட்டைக் கையில் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டதற்கு அசைவில்லை. பிறகு கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

"என்ன வெர்னா, நெம்பை விட்டுட்டு இங்க என்ன பண்றே? ஏர் உள்ள போயிடும்ல."

அவருக்கு எதுவும் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து செய்தோம்.

அன்று மாலை மேவிஸ் வந்தபோது சொன்னேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, துவைக்கும் இயந்திரத்தின் மேல் சாய்ந்து நின்றாள்.

"எவ்வளவு நேரம்?" என்றாள்.

தெரியவில்லை என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகவில்லை. எல்வுட் பிரேக்கை மிதிக்கவே இல்லை. வளைவு வருகிறது, கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. அவள் கத்தியும் ஸ்டியரிங்கைப் பிடித்தும் ஓரச் சுவரை உரசாமல் திருப்பினாள். அவருக்கு நினைவு வந்தபோது வண்டி அசுர வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் மிதித்தார். அடிவாரம்வரை மிதித்த காலை எடுக்கவில்லை. பிரேக் கருகியது அதனால்தான். அவர் நினைவில் இருப்பது வேகமும் புகையும் மட்டும். அதனால் பிரேக் என்று சொன்னார். இவள் ஆமா என்றாள்.

"பிக்கப்பில் மட்டும் போலாம்னாரு. அதைத் தடுக்கத்தான் ட்ரெய்லர் வேணும்னு சொன்னேன். ட்ரெய்லர் வேணும்னா பிரேக் பயம்னு சொன்னேன். இப்ப அவர் பிரேக்கையே மாத்திட்டார், வெர்னா. இனிமே நான் என்னத்தைச் சொல்றது?"

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பஸ்ஸில் போகலாமே என்று கேட்டேன். "பஸ்ல போனா ஏன்னு கேப்பார்" என்றாள். "ஊரே கேக்கும். அந்த ரோட்டை ஊருக்குத் திறந்து விட்டவர் பொண்டாட்டி, அதே ரோட்டுல பஸ்ல போறாளான்னு."

மறுநாள் காலை எல்வுட் ட்ரெய்லரைப் பிக்கப்போடு மாட்டி, ஆற்றோரக் கிராமச் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். பிரேக் எவ்வளவு இறுகப் பிடிக்க வேண்டும் என்று சரிபார்க்கும்போது ஒருவர் நெம்பைத் தள்ள வேண்டும். மேவிஸ் நானே வருகிறேன் என்று கதவைத் திறந்தாள். நான் அவளை நிறுத்திவிட்டு ஏறிக்கொண்டேன். நான் முகாமின் தண்ணீர் லாரியை ஓட்டிப் பழகியவள். அவருக்கு ஏதாவது ஆனால் என்னால் நிறுத்த முடியும், அந்தச் சாலையும் காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பிரேக் அருமையாக இருந்தது. மூன்று முறை நிறுத்தினோம். ஒவ்வொரு முறையும் ட்ரெய்லர் குலுங்காமல், பக்கவாட்டில் இழுக்காமல், நேராக நின்றது. எல்வுட் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "மேவிஸ் பாக்கணும் இதை" என்றார். பிறகு பாலத்தை நோக்கிச் சாலை இறங்கியது.

பாலத்தின் முன்னால் மாடுகள். கோடை மேய்ச்சலுக்கு மலைமேல் ஓட்டிப் போகும் காலம் அது. சாலை நிறைய மாடும் கன்றுமாக, பின்னால் குதிரையில் ஒரு பெண். நான் எல்வுட்டைப் பார்த்தேன். அவரும் மாடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கால் அசையவில்லை.

நான் அவரை எப்போதும் மிஸ்டர் பிராண்ட் என்றுதான் கூப்பிடுவேன். அன்று "எல்வுட்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. குனிந்து நெம்பைக் கடைசிவரை தள்ளிப் பிடித்தேன். ட்ரெய்லர் பின்னாலிருந்து பிக்கப்பையும் சேர்த்து இழுத்துப் பிடித்தது. என்ஜின் முன்னே போகத் திமிறியது, ட்ரெய்லர் விடவில்லை. கடைசி மாட்டின் வாலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றோம். குதிரைக்காரப் பெண் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள், நாங்கள் மரியாதையாக நிறுத்தினோம் என்று நினைத்து.

என்ஜின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. எல்வுட் கண்ணை மூடித் திறந்தார். முதலில் மாடுகளைப் பார்த்தார். பிறகு நெம்பின் மேல் இருந்த என் கையை. பிறகு குனிந்து, ஆக்ஸிலரேட்டரின் மேலேயே இருந்த தன் காலை. முப்பது வருடம் லாரி ஓட்டியவருக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலை எடுத்தார். என்ஜின் அடங்கியது.

மாடுகள் எல்லாம் பாலம் தாண்டின.

"கணவாயிலயும் இதானா?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

"மேவிஸ் சொன்னாளா?"

"நேத்துதான் சொன்னாங்க."

சாவியைத் திருப்பி எடுத்து என் மடியில் வைத்தார். இறங்கி, வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். எங்கள் இடத்தில் யாரும் தன் ட்ரெய்லரை இன்னொருவர் இழுக்க விட மாட்டார்கள். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவர் கைகளைத் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், புது இடத்துக்கு வந்தவர்போல.

டிரைவர் பக்கத்திலிருந்து நான் இறங்குவதைப் பார்த்ததும் மேவிஸுக்குத் தெரிந்துவிட்டது. லீலண்டும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியில் இருந்தார்கள். யாரும் கிண்டல் செய்யவில்லை.

"பிரேக் நல்லாப் பிடிக்குது" என்றார் எல்வுட் மேவிஸிடம்.

"சரி."

"பழசும் நல்லாத்தான் பிடிச்சிருக்கு. நீ சொல்லியிருக்கலாம், மேவிஸ்."

"எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்றது."

"வாய் வரல, எல்வுட்."

"உங்க அக்கா அங்க காத்துக்கிட்டிருக்கா" என்றார். "நான் இங்க போல்ட் முடுக்கிட்டிருந்திருக்கேன்." பிறகு லீலண்டிடம் போனார். "கணவாய்க்கு அந்தப் பக்கம்வரைக்கும் என் வண்டியை ஓட்டுவியா?"

லீலண்ட் பீர் டப்பாவைக் கீழே வைத்தார். "எப்ப?" என்றார்.

அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். எல்வுட் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவையும் அது வருவதற்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாராம். உச்சியைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டாராம். அந்தப் பக்கம் அவர் பனி வாரியதில்லை. லீலண்ட் பஸ்ஸில் திரும்பி வந்து இதைச் சொன்னார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஓப்பல் மருந்து மயக்கத்தில் இருந்தாள். பேச்சு நின்றுவிட்டிருந்தது. மேவிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வந்துட்டேன், பின்பக்கம் ட்ரெய்லர் நிக்குது என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே ஓப்பல் போய்விட்டாள். மகன் நல்லவன். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, சும்மாத்தான் சொன்னான்: அம்மா ஈஸ்டருக்கு எழுந்து உட்கார்ந்து அரைத்துண்டு கேக் சாப்பிட்டாள், பேசிக்கொண்டே இருந்தாள், பின் ஜன்னல் திரையை மூட விடவில்லை என்று. மேவிஸ் இதை எனக்குப் போனில் சொன்னாள். அழவில்லை.

"ஒரே ஒரு ஆமா சொன்னேன், வெர்னா. அதைத் தவிர நான் ஒண்ணும் பண்ணல" என்றாள்.

இயந்திரம் நின்றுவிட்டது, துணியை எடுக்க வேண்டும் என்று ஏதோ சொன்னேன். அவளும் சரி என்றாள்.

பியூப்லோவில் டாக்டர் எல்வுட்டின் தலையைப் படம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று அவர் சொல்வதற்கு முன்பே எல்வுட் லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாராம். பிக்கப்பை ஓப்பலின் மகனுக்கே கொடுத்துவிட்டார். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை என்னோடு போனில் பேசினார். அங்கே பனி சரியாக விழுவதில்லை, விழுந்தாலும் மத்தியானத்துக்குள் கரைந்துவிடுகிறது என்றார். வேறு பேச்சு ஓடவில்லை. மார்ச் மாதம் காலை காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

மேவிஸ் இப்போதும் பியூப்லோவில், அக்கா வீட்டின் பின்பக்கத்தில், அந்த ட்ரெய்லரிலேயே தனியாக இருக்கிறாள். ட்ரெய்லர் அங்கே போய் நின்ற பிறகு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்வாள். பதினோராம் இடத்தில் ஐடஹோவிலிருந்து வந்த ஒரு தம்பதி இருக்கிறார்கள்.